பூனைக்கு எது மேற்கு?

மூன்று வருடம் கழித்துப் பார்க்கிற தம்பியிடம், சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் வைத்து, என் அக்கா கேட்ட முதல் கேள்வி இது: "ஏல, பூனை எவ்வளவு தூரத்துலேருந்து வழி கண்டுபிடிச்சு வீட்டுக்கு வரும்?"

நல்லா இருக்கியா கிடையாது. சாப்பிட்டியா கிடையாது. பின்னால் என் பெட்டியை வாங்கிக்கொண்ட அத்தான், வாயைத் திறந்துவிடாதே என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

நான் பாளையங்கோட்டையிலிருந்து வரும் ஒரு சிறுவர் மாத இதழில் விலங்குகளைப் பற்றி எழுதுகிறவன். புறா எப்படிக் கூடு திரும்புகிறது, கடலாமை தான் பிறந்த கரைக்கே வந்து எப்படி முட்டையிடுகிறது, சாண வண்டு பால்வீதியைப் பார்த்து எப்படி நேர்கோட்டில் உருண்டையைத் தள்ளுகிறது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் அதில் ஒரு வரியைக்கூட யாரும் படித்ததில்லை. சாண வண்டுக்காரன் என்று ஒரு பட்டப்பெயர் மட்டும் உண்டு. முதன்முதலாக ஒருத்தி என் படிப்பை மதித்துக் கேள்வி கேட்கிறாள். விடுவேனா? "நூறு கிலோமீட்டர்லேருந்தெல்லாம் வந்ததாச் சொல்றாங்க அக்கா" என்றேன். அத்தான் தலையில் கை வைத்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். அக்காவும் அத்தானும் முப்பது வருடத்துக்கு மேல் குவீன்ஸ்டவுனில் நாலாவது மாடி வீடு ஒன்றில் குடியிருந்தார்கள். அந்த பிளாக்கை இடிக்கப் போகிறார்கள். ஓய்வு பெற்ற பிறகு கடல் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது அத்தானின் நெடுநாள் ஆசை. அதனால் தீவின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு, பாசிர் ரிஸ்ஸில் ஒன்பதாவது மாடிக்கு வந்துவிட்டார்கள். அக்காவுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. பால் காய்ச்சுவதற்கு நாள் பார்த்து, தம்பி வரவேண்டும் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அதற்குள் துரையைக் காணவில்லை.

துரை என்பது பூனை. ஆரஞ்சு நிறத் தடியன். குவீன்ஸ்டவுனில் தினமும் விடியற்காலை தானே படியிறங்கிப் போய், கீழே நாலு பேரை விசாரித்துவிட்டு, தானே படியேறி வந்து கேட்டுக்கு முன்னால் கத்துவாராம். பூனையை வீட்டுக்குள்தான் வைத்திருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். "சட்டத்தை துரைக்கு யாரு வாசிச்சுக் காட்டுறது?" என்பது அக்காவின் கட்சி. புதுவீட்டுக்கு வந்த இரண்டாம் நாளே, அத்தான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, கீழே கொண்டுபோய் விட்டிருக்கிறாள். போனவர் திரும்பவில்லை. நான் போய் இறங்கியபோது ஒரு வாரம் ஆகியிருந்தது. வேண்டாம் என்று தான் சொன்னதை அத்தான் அதற்குப் பிறகு ஒரு தடவைகூட நினைவுபடுத்தவில்லை. விவரமான மனிதர்.

"துரை வராம நான் பால் காய்ச்ச மாட்டேன்" என்று அக்கா அறிவித்துவிட்டாள். பால் காய்ச்சாத அடுப்பில் வேறு எதையும் ஏற்றக் கூடாது. ஆக, சமையல் கிடையாது. மூட்டை பிரிப்பதும் கிடையாது. கூடத்தில் அட்டைப்பெட்டிகள் உச்சிவரை நின்றன. "இது வீடு இல்லடா, லாட்ஜு" என்றாள். அதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. என் அக்கா கோபமாகப் பேசுகிறவரைக்கும் பயமே இல்லை.

மறுநாள் காலை காப்பிக் கடையில் பரோட்டா. இங்கே அதைப் 'பிராட்டா' என்கிறார்கள். கூடவே தட்டையான ஒரு கிண்ணத்தில் மீன் குழம்பு. நம்மூர் சால்னாவை நினைத்துக்கொண்டு கை வைத்தால் ஏமாற்றம்தான், ஆனால் நாலாவது பிராட்டாவில் மனசு சமாதானமாகிவிடுகிறது. அங்கேதான் என் திட்டத்தை விளக்கினேன்.

"இடம் மாறின பூனை புதுவீட்டைத் தேடாது அத்தான். பழைய வீட்டைத்தான் தேடும். குவீன்ஸ்டவுன் மேற்க. அதனால துரையும் மேற்கால பாத்துத்தான் நடந்திருப்பான். நாமளும் மேற்கால போவோம்."

"மேற்குன்னா எந்தப் பக்கம் மச்சான்?" என்றார் அத்தான்.

சிரித்துவிட்டேன். எங்கள் ஊரில் திசை இல்லாமல் ஒரு காரியம் நடக்காது. சொம்பைக் கிழக்கே நகர்த்தி வை என்பார்கள். பாயைத் தெற்கே இழுத்துப் போடு என்பார்கள். பல் வைத்தியர் ஒருவர்தான் இன்னும் தெக்கத்திப் பல்லா வடக்கத்திப் பல்லா என்று கேட்க ஆரம்பிக்கவில்லை. அப்படிப்பட்ட ஊர்க்காரனைப் பார்த்து மேற்கு எது என்று கேட்கிறார். கையைத் தூக்கிக் காட்டிவிட்டு முன்னால் நடந்தேன்.

கால்வாய் ஓரமாக நடந்தோம். அத்தான் கையில் பிஸ்கட் டப்பாவும் கரண்டியும். அந்தச் சத்தம் கேட்டால் துரை ஓடி வருவாராம். டப்பாவைத் தட்டிக்கொண்டே, 'துரை, துரை' என்று கூப்பிட்டுக்கொண்டே போகிற இரண்டு தமிழர்களை, ஓடிப் பழகிக்கொண்டிருந்த சீனத்து அம்மாள் ஒருவர் நின்று பார்த்தார். கால்வாய்க்குள் நீர்நாய்க் குடும்பம் ஒன்று வரிசையாக நீந்திப் போனது. எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவற்றுக்குப் போகுமிடம் தெரிந்திருந்தது.

ஒரு பூங்காவைத் தாண்டினோம். மரங்கள் விலகின. முன்னால் மணல், அலை, தூரத்தில் கப்பல்கள்.

அத்தான் நிதானமாக டப்பாவைக் கீழே வைத்தார். "மச்சான், மேற்குல கடல் எங்கேருந்து லா வந்துச்சு?" அந்த 'லா' இந்த ஊர்ப் பேச்சில் சும்மா ஒட்டிக்கொள்கிற வால்.

ஃபோனில் திசைகாட்டியைத் திறந்தார். நாங்கள் நேர் வடக்கே வந்திருந்தோம். எனக்குப் புரிந்துவிட்டது. முந்தின நாள் விமான நிலையத்திலிருந்து வரும்போது டாக்ஸியில் தூங்கிவிட்டேன். தூங்கி விழித்து ஒரு புது ஊரில் இறங்கினால் சிலருக்குத் திக்குத் திரும்பிவிடும். புத்திக்குத் தெரிந்தாலும் உடம்பு ஒத்துக்கொள்ளாது. அந்த வீட்டில் இருந்த நாள்வரை எனக்குச் சூரியன் வடக்கில்தான் உதித்தது.

"பரவால்ல மச்சான், கடலையாவது பாத்தோம்" என்றார் அத்தான். சொல்லிவிட்டு அலையையே பார்த்துக்கொண்டு நின்றார். "நான்தான் அவளை இங்க இழுத்துட்டு வந்தேன். துரை கிடைக்கலன்னா இந்தக் கடலை நான் எந்த மூஞ்சியோட வந்து பாக்குறது?" என்றார். அவர் அப்படியெல்லாம் பேசுகிற ஆள் இல்லை. கீழே வைத்திருந்த டப்பாவை நான் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் பிள்ளையார். காத்தோங் கோயிலுக்குப் போய் அக்கா தேங்காய் நேர்ந்துகொண்டாள். அங்கிருந்து வெளியே வந்தால் தெருவெல்லாம் லக்சா வாசனை. தேங்காய்ப்பால் குழம்பில் நறுக்கின நூடுல்ஸ், கரண்டியாலேயே அள்ளிச் சாப்பிட வேண்டும். பிள்ளையார் கோயில் வாசலிலிருந்து இறால் மிதக்கிற கிண்ணத்துக்கு நேராகப் போகலாமா என்று கேட்டேன். "நான் தேங்காய்தான் நேர்ந்தேன், உன் நாக்கை நேரல" என்றாள் அக்கா. வந்த நாளிலிருந்து அவள் அடித்த முதல் கிண்டல் அது. ஆனால் அவள் கிண்ணத்தில் பாதி அப்படியே இருந்தது.

அதற்கடுத்த நாள் நானும் அத்தானும் தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்காவுக்குப் போனோம். அக்கா, துரை வந்தால் திறந்துவிட வீட்டில் ஆள் வேண்டும் என்று இருந்துவிட்டாள். பச்சை ரயிலில் ஏறினோம். சிங்கப்பூரிலேயே திசை பேசுகிற ஆள் இந்த ரயில் ஒன்றுதான். கிழக்கு மேற்கு லைன் என்றே பெயர். எனக்குக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்தப் பாசம் பூகிஸ் ஸ்டேஷன்வரைதான் நீடித்தது. அங்கே இறங்கி வேறு லைனுக்கு மாற வேண்டும். படி இறங்கி, திரும்பி, மறுபடி இறங்கி, மறுபடி திரும்பி, பூமிக்கடியில் எனக்கு மேல் கீழ் மட்டும்தான் மிச்சமிருந்தது. அத்தான் ஏதோ சொல்லிக்கொண்டே நடக்க, நான் எதிர்ப்பக்கம் திறந்திருந்த கதவுக்குள் ஏறிவிட்டேன். கதவு சாத்திக்கொண்டது. கண்ணாடிக்கு வெளியே அத்தான் வாயைத் திறந்து நின்றது சின்னதாகிக்கொண்டே போனது.

ஃபோன் அடித்தது. "அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி அங்கேயே நில்லு. மேற்கு கிழக்குன்னு எங்கயும் கிளம்பிறாதே."

நின்றேன். இரும்பு பெஞ்சில் உட்கார்ந்திருந்த பதினைந்து நிமிடத்தில், இப்படித்தானே துரையும் எங்கேயோ நின்றுகொண்டிருப்பான் என்று தோன்றியது. அவனுக்கு ஃபோன் செய்து சொல்ல ஆளில்லை. அதுவரை பூனை எனக்கு ஒரு கட்டுரை. அந்த பெஞ்சில்தான் பாவமாக இருந்தது.

தேக்காவில் மேலே ஏறி வந்ததும் பூக்கடைக்காரரிடம், "மார்க்கெட் வடக்கயா அண்ணாச்சி?" என்றேன்.

"வடக்குன்னா எந்த எக்ஸிட் அண்ணே?" என்றார் அவர்.

தமிழில்தான் பதில் சொன்னார். மல்லிகை கட்டிக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அவர் உலகத்தில் வடக்கு இல்லை. ரயில் நிலைய வாசல்களின் ஏ, பி, சி இருந்தது. அத்தான் என்னை விலக்கி, "சி எக்ஸிட் லா" என்று அவரிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். மார்க்கெட் உணவுக் கடையில் மட்டன் பிரியாணி சாப்பிட்டோம். நான் ஊரிலிருந்து கொண்டுபோன வத்தலும் அப்பளமும் பொரிக்க அடுப்பில்லாமல் பெட்டிக்குள் கிடக்க, நான் ஊரெல்லாம் பிளாஸ்டிக் தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "பூனை சீக்கிரம் கிடைக்கலன்னா திரும்பிப் போக உனக்கு ஃப்ளைட்ல ரெண்டு சீட்டு புக் பண்ணணும்" என்றார் அத்தான்.

கடைசி முயற்சியாக அக்காவே குவீன்ஸ்டவுன் போகலாம் என்றாள். மூன்று பேரும் போனோம். பிளாக்கைச் சுற்றிப் பாதி வேலி போட்டிருந்தார்கள். உடைந்த அலமாரிகளும், யாரோ விட்டுப்போன துளசித் தொட்டியும் கீழே கிடந்தன. அக்கா வேலிக்கு வெளியே நின்று கரண்டியால் டப்பாவைத் தட்டினாள். காலி பிளாக்கில் அந்தச் சத்தம் பட்டுத் திரும்பியது. வேலி கட்டிக்கொண்டிருந்த புதுக்கோட்டைப் பையன் ஒருவன், "இங்க எந்தப் பூனையும் வரலக்கா. வந்தா நான் சோறு வைக்கிறேன், கவலைப்படாதீங்க" என்றான்.

அக்கா நாலாவது மாடியை அண்ணாந்து பார்த்தாள். "வழி தெரிஞ்சு வந்திருந்தாலும், வந்து என்னடா பண்ணுவான்? கதவைத் திறக்க ஆள் வேண்டாமா?" என்றாள். டப்பாவை மூடிப் பைக்குள் வைத்தாள். துரை கிடைப்பான் என்ற நம்பிக்கையை அவள் விட்டுவிட்டாள் என்று எனக்கு அப்போது தெரிந்தது. பால் இனி எப்போதும் காயப் போவதில்லை என்றும் தோன்றியது. நூறு கிலோமீட்டர் என்று விமான நிலையத்தில் அளந்துவிட்ட என் நாக்கை எனக்கே கடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

பாசிர் ரிஸ் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. காப்பிக் கடையில் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு, நனைந்து லிஃப்டில் ஏறினோம். அத்தான் பொத்தானை அழுத்தினார். லிஃப்ட் நின்றது. அக்கா முன்னால் நடந்தாள். மூன்றாவது கதவு. அத்தான் சாவியைப் போட்டுத் திருப்பினார். திரும்பவில்லை.

"ஒரு சாவியைத் திருப்பத் தெரியல" என்றாள் அக்கா.

"துருப்பிடிச்சிருச்சு போல லா."

"புதுவீட்டுப் பூட்டு எப்படித் துருப்பிடிக்கும்? தள்ளுங்க இப்படி." அவள் பிடுங்கித் திருப்பினாள். வாசலில் ஒரு மணி பிளான்ட் தொட்டி இருந்தது. அக்கா எப்போது வாங்கினாள் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கதவு உள்ளேயிருந்து திறந்தது. தலையில் துணி கட்டிய ஒரு மலாய் அம்மாள், இடுப்புயரத்துக்குக் கைத்தடி, எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

அவர் காலுக்குப் பக்கத்தில் துரை உட்கார்ந்திருந்தார். முன்னைவிடக் குண்டாக.

அக்கா போட்ட சத்தத்தில் அந்த மாடியில் நாலு கதவு திறந்தது. பொட்டலங்கள் தரையில் கிடந்தன. சுவரில் நான் அப்போதுதான் பார்த்தேன், பெரிய எண்: 4.

அத்தான் கை பழக்கத்தில் பழைய மாடியை அழுத்தியிருக்கிறது. அக்கா கால் பழக்கத்தில் பழைய கதவுக்கு நடந்திருக்கிறது. இந்த ஊரில் ஒரு மாடியைப் போலவே அடுத்த மாடி, ஒரு கதவைப் போலவே அடுத்த கதவு. துரை செய்ததும் அதையேதான். கீழே சுற்றிவிட்டு, வழக்கம்போலப் படியேறி, நாலு மாடி முடிந்ததும் மூன்றாவது கதவில் நின்று கத்தியிருக்கிறார். பாலைவனத்து எறும்பு ஒன்று தன் காலடிகளைக் கணக்கு வைத்துத்தான் புற்றுக்குத் திரும்பும். அதன் காலில் கட்டை ஒட்டி நீளமாக்கிவிட்டால், அதே கணக்குக்கு நடந்து, புற்றைத் தாண்டிப் போய் நின்று தேடும். இதை நான் எழுதியிருக்கிறேன். படமெல்லாம் போட்டு எழுதியிருக்கிறேன். அப்புறமும் மேற்கே தேடினேன் பாருங்கள்.

அந்த அம்மாளை எல்லோரும் மக்சிக் என்றுதான் கூப்பிடுகிறார்கள், மலாயில் பெரியம்மா மாதிரி. முட்டிவலியால் அவர் கீழே இறங்கியே பல நாள் ஆகிறது. நாங்கள் குடியிருப்போர் வாட்ஸப்பில் போட்ட படம் அவருடைய பழைய ஃபோனுக்கு வராது. நாங்கள் விசாரித்ததும் எங்கள் மாடியிலும் அதற்குக் கீழ் மாடியிலும் மட்டும்தான். அவர் சொன்னதை அக்கா எனக்குத் தமிழில் சொன்னாள்:

"காலையில வந்து, கதவைத் திறக்க ஏன் இவ்வளவு நேரம்னு கேக்குற மாதிரி கத்தினான். உள்ள வந்தான், யாரையும் கேக்காம நேரா அடுப்படிக்குப் போனான், அப்புறம் ஜன்னலுக்குக் கீழ படுத்துட்டான். இது என்னடா, என் வீடு எனக்கே புதுசு, இவனுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்குதேன்னு நினைச்சேன்."

ஓயென் என்று பேர் வைத்திருந்தார். ஆரஞ்சுப் பூனைக்கு மலாய்க்காரர்கள் செல்லமாக வைக்கிற பேராம். இவரும் பேரன் பேத்திகளை விட்டுவிட்டு, சின்ன வீடு போதும் என்று இந்த வருடம்தான் இங்கே வந்தவர். பேசிக்கொண்டே குனிந்து துரையின் தலையைத் தடவினார். எடுத்துப் போங்கள் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கண் நிறைந்துவிட்டது.

அக்கா துரையைத் தூக்கப் போனவள் தூக்கவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குத் தெரியாத மலாயில் இரண்டு பேரும் பேச ஆரம்பித்தார்கள். நானும் அத்தானும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, பொட்டலங்களைப் பொறுக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டோம். அக்கா வந்தபோது கையில் துரையும், வாயில் ஒரு அறிவிப்பும் இருந்தது. "பகல்ல அங்க, ராத்திரி இங்க. அவங்களுக்கும் மனசு கஷ்டப்படக் கூடாதுல்ல. நாளைக்குக் காலையில பால் காய்ச்சுறோம். மக்சிக் வர்றாங்க."

"அத்தானைக் கேக்க வேண்டாமா?" என்றேன்.

"அவரு நாலாவது மாடியிலதான் இருப்பாரு, அங்க போயி கேளு" என்றாள். அத்தான் சிரித்த சிரிப்பில் எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

காலையில் மக்சிக் ஒரு பாத்திரத்தில் வாழைப்பழப் பலகாரத்தோடு லிஃப்டில் ஏறி வந்தார். துரை அட்டைப்பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். புதுப் பாத்திரத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, அக்கா பாலை ஏற்றினாள். எல்லோரும் சுற்றி நின்றோம். பால் எந்தப் பக்கம் வழிகிறது என்று பார்க்க வேண்டும். கிழக்கே வழிந்தால் நல்லது, வடக்கே வழிந்தால் ரொம்ப நல்லது, மற்ற இரண்டைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

நுரை ஏறியது. விளிம்பில் ஒரு நொடி தயங்கியது. ஜன்னல் பக்கமாகச் சரிந்து, அடுப்பில் சுர்ரென்று வழிந்தது.

"எந்தப் பக்கம்டா?" என்றாள் அக்கா.

என் உடம்பை நம்பாமல் ஃபோனை எடுத்துப் பார்த்தேன். மேற்கு. துளி சந்தேகமில்லாத மேற்கு. அத்தான் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிழக்கு" என்றேன்.

"பொய் சொல்லாதடே. சாயங்கால வெயில் இந்த ஜன்னல்லதான் வந்து விழுது. மேற்கு எதுன்னு எனக்குத் தெரியாதா?"

மக்சிக்குக்குக்கூட ஏதோ சரியில்லை என்று பட்டிருக்க வேண்டும். அக்கா அடுப்பைக் குறைத்தாள். வழிந்த பாலைத் துடைக்கத் துணியை எடுத்தவள், அதைத் துடைக்காமல் ஜன்னலைப் பார்த்தாள். அவள் குரல் உடைந்திருந்தது, ஆனால் முகம் சிரித்துக்கொண்டுதான் இருந்தது.

"நம்ம பழைய வீடு அந்தப் பக்கம்தானே. அங்க இனிமே யாரு பால் காய்ச்சப் போறா? அதுக்கும் கொஞ்சம் போகட்டும்."